சோழ சாம்ராஜ்யத்தின் உத்தியோகஸ்தர்கள்

(சிங்கப்பூர், சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நடந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோழர்களைப் பற்றிப் பேசுவதற்காகச் சிங்கப்பூரில் ஒருவன் மேடையேறினால், அவன் கடாரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்வான் என்று சபையோர் எதிர்பார்ப்பது நியாயமே. 1025 ஆம் ஆண்டையொட்டி ராஜேந்திர சோழனுடைய மரக்கலங்கள் இந்தக் கடல் வழியாக வந்து ஸ்ரீவிஜய அரசின் துறைமுகங்களைத் தாக்கிய வரலாறும், கடாரங்கொண்டான் என்ற விருதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது சினிமாவின் தயவால் மனப்பாடம். ஆகவே அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லி உங்கள் மாலைப்பொழுதை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கப்பலேறிப் போனவர்கள் போகட்டும்; அவர்கள் போய்த் திரும்புகிற வரையில் தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் உட்கார்ந்து, நிலத்தை அளந்து, வரியைப் பொத்தகத்தில் ஏற்றி, அரசன் வாயால் சொன்னதை ஓலையில் எழுதி, எழுதியது சரிதானா என்று இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருந்த மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

இந்த ஊர் இதைப் பேசுவதற்குப் பொருத்தமான ஊர்தான். 1867 ஏப்ரல் முதல் தேதி வரையில் இந்தியாவிலிருந்தும், அதற்குப் பிறகு லண்டனிலிருந்தும் ஆளப்பட்ட இந்தக் குடியேற்றத்தில், கஜானாவிலும் ரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் கணக்கெழுதிக் காலங்கழித்த கிராணிமார்களின் பேரன் பேத்திகள் இந்தச் சபையில் பலர் இருப்பீர்கள். தமிழ்நாட்டுத் தமிழராயினும் யாழ்ப்பாணத்துத் தமிழராயினும், எவ்வளவு திறமை இருந்தாலும் அவர்களுக்கு மேல்வரம்பு ஒன்று இருந்தது, அதைத் தாண்ட முடியாது. மலாயா சிவில் சர்வீஸ் என்ற மேல்வகுப்பு உத்தியோகத்தை 1904 இல் ஐரோப்பிய வம்சத்தவருக்கு மட்டும் என்று விதி செய்து அடைத்துவிட்டார்கள். உத்தியோகத்தில் தரம் என்றால் என்ன, அந்தத் தரத்தை யார் கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி உங்கள் குடும்பங்களில் ஒருகாலத்தில் சோற்றுக் கேள்வியாக இருந்தது. அதே கேள்வியைத்தான் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஓர் அரசிடம் நாம் இன்று கேட்கப் போகிறோம்.

எடுத்த எடுப்பில் ஒரு சாஸனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி ஒன்று இருந்தது. சைலேந்திர வம்சத்தவனும் ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியுமான மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் எடுத்த விகாரம் அது. சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட ராஜராஜன், அயல்நாட்டு அரசன் எடுத்த அந்தப் பௌத்தப் பள்ளிக்கு, தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 இல், க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்தைச் சேர்ந்த ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குரிய தானமாக, கொடுத்தான். இந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்துக்குப் போய்ச் சேர்ந்து, லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தின் உடைமையானபடியால், பெரிய லெய்டன் செப்பேடுகள் என்றே வழங்கி வருகின்றன. இருபத்தொரு ஏடுகள், ஐந்து ஏடுகளில் சம்ஸ்கிருதம், பதினாறு ஏடுகளில் தமிழ். சம்ஸ்கிருதப் பகுதி சோழர் குலத்தைப் புராண முன்னோரிலிருந்து தொடங்கிப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதிக்கு அந்த அவகாசம் இல்லை. அது ஆபீஸ் காகிதம். எனக்கு எப்போதும் அந்தத் தமிழ்ப் பகுதியில்தான் ருசி.

நடந்தது இதுதான். அந்த ஆட்சியாண்டின் 92 ஆம் நாள், தஞ்சாவூர் அரண்மனையின் புறம்படி மாளிகையில், ராஜாஸ்ரயன் என்று பெயரிட்ட மண்டபத்தின் தென்புறத்தில் அரசன் வீற்றிருந்து, கொடையை வாயால் சொன்னான். அது திருவாய்மொழி. சொன்னதைக் கேட்டு எழுதியவன் விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன். அவனுடைய பதவி அரசனுக்கு ஓலை எழுதுவது. எழுதிய ஓலையை ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்று சொன்னவர்கள் ஓலை நாயகங்கள். அவர்களுள் ஒருவன் கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமராயன். அதன்பின் உத்தரவு வரி இலாகாவுக்குப் போனது. புரவுவரித் திணைக்களம் என்பது அந்த இலாகாவின் பெயர். அதில் வரிப்பொத்தகம் வைத்திருப்பவன், முகவெட்டி, பொத்தகத்துக் கணக்கன், வரியிலீடு செய்பவன், பட்டோலை எழுதுபவன் என்று படிப்படியாக ஆட்கள் உண்டு. நான்கு நாள் கழித்து, 96 ஆம் நாளில், அரசுக்கு வந்துகொண்டிருந்த ஆனைமங்கலத்து வருவாய் அரசின் கணக்கிலிருந்து இறங்கிப் பள்ளிச்சந்தக் கணக்கில் ஏறியது. எவ்வளவு? எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று கலம், இரு தூணி, ஒரு குறுணி, மூன்று நாழி நெல். கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட நாழி நெல்லில் அந்த மூன்று நாழியையும் விடவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அரசனுடைய திருமுகம் பட்டினக் கூற்றத்து நாட்டாருக்குப் போயிற்று. நாட்டார் எழுந்து எதிர்சென்று, தொழுது வாங்கி, தலைமேல் வைத்துக்கொண்டு, பின்னரே பிரித்துப் படித்தார்கள். அடுத்த காரியம் எல்லை காட்டுவது. ஒரு பெண்யானையைக் கொண்டுவந்து ஊரின் எல்லை நெடுக நடத்தி, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். யானைக்குப் பின்னால் அரசனுடைய ஆட்களும் போனார்கள், பக்கத்து ஊர்களின் கரணத்தார்களும் போனார்கள். எந்த வாய்க்காலுக்குத் தெற்கு, எந்த வரம்புக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று சாஸனம் ஏடு ஏடாக விவரிக்கிறது. கடைசியில் சுற்றுவட்டாரத்து ஊர்களின் பிரதிநிதிகள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். இந்த வேலை முடிந்து ஆவணம் பூர்த்தியானது ராஜராஜனின் 23 ஆம் ஆண்டில். அரசன் வாய் திறந்ததற்கும் ஊர்க்கணக்கன் கையெழுத்திட்டதற்கும் நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டன. செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தும் பொறுப்பு மகன் ராஜேந்திரன் காலத்துக்கு வந்து சேர்ந்தது.

பெருநிலச் செல்வியும் தனக்கே உரியவள் என்று மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்ளும் ஒரு சக்கரவர்த்தி, ஒற்றை ஊரின் வருவாயைக் கொடுக்க இத்தனை கைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்றால், அதைப் பார்த்து இது காலதாமதம், சிவப்பு நாடா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் அபிப்பிராயம் வேறு. அரசன் சொல் சட்டமாக வேண்டுமானால் அது ஓலையாக வேண்டும். ஓலை கணக்காக வேண்டும். கணக்கு வரப்பாக வேண்டும். இந்த ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதன் பெயர் சொல்லி நிற்கிறான். பின்னால் தகராறு வந்தால் அந்தப் பெயரைப் பிடித்து இழுக்கலாம். சோழ உத்தியோகஸ்தனின் முதல் இலக்கணம் எனக்குத் தோன்றுகிற அளவில் இதுதான்: அவன் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றவன்.

பெயர் என்றேன். அந்தப் பெயர்கள் அமைந்திருக்கும் விதத்தில்தான் தரத்தின் ரகசியம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் என்ற கோயில் நிர்வாகம் பார்த்த ஓர் அதிகாரியை எடுத்துக்கொள்வோம். பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். இதில் பொய்கை நாடு கிழவன் என்பது அவனுடைய நிலவுரிமை. கிழவன் என்றால் வயோதிகன் அல்ல, உடையவன். ஆதித்தன் என்பது தகப்பன் பெயர், சூரியன் என்பது அவன் பெயர். தென்னவன் மூவேந்தவேளான் என்பது அரசன் அளித்த பட்டம். இவன் பெரிய கோயிலுக்குத் தன் பொறுப்பில் செப்புத் திருமேனிகள் எடுத்துக் கொடுத்திருக்கிறான். சம்பந்தர், அப்பர், சுந்தரர், பரவை நங்கை, அவர்களோடு ராஜராஜனுக்கும் அரசி உலகமாதேவிக்கும் படிமங்கள். ஒவ்வொரு படிமமும் பாதம் முதல் கேசம் வரை எத்தனை விரல் உயரம், எத்தனை தோரை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்தியிலும் கணக்கு தப்பாத ஆள். நாயன்மார் வரிசையில் தன் எஜமானனையும் கொண்டுபோய் நிறுத்திய சாமர்த்தியத்தை நான் விமரிசிக்கப் போவதில்லை. உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அது விளங்கும்.

பட்டங்களும் கண்டபடி கொடுக்கப்பட்டவை அல்ல. நிலமுடைய வேளாளர்களுக்குப் பெரும்பாலும் மூவேந்தவேளான். பிராமணர்களுக்குப் பிரமராயன், பிரமாதிராஜன். மற்றும் பல்லவரையன், விழுப்பரையன், காடவராயன் என்று பல. பட்டத்துக்கு முன்னால் அரசனுடைய விருதுப்பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மும்முடிச்சோழ என்று தொடங்கினால் ராஜராஜன் காலத்து உத்தியோகம், ராஜேந்திரசோழ என்று தொடங்கினால் மகன் காலத்தது என்று ஊகிக்க அது உதவுகிறது. இவற்றுக்கு மேலே பெருந்தரம், சிறுதரம் என்ற இரு வகுப்பு உண்டு. தஞ்சைக் கல்வெட்டுகளில் பெருந்தனம், சிறுதனம் என்று வருகிறது. பெருந்தரத்தார் அரசனுக்கு அருகில் இருப்பவர்கள். அவர்களிலும் உடன்கூட்டத்து அதிகாரி, விடையில் அதிகாரி, நடுவிருக்கை என்று பொறுப்பு வேறுபடும். அதிகாரிச்சி என்ற பதவிப்பெயரும் கல்வெட்டில் உண்டு. அந்தப்புரத்தையும் பெண்டிரையும் சார்ந்த பொறுப்பாக அது இருந்திருக்கலாம்.

படையும் நிர்வாகமும் தனித்தனி என்று நாம் இன்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. ஆனைமங்கலத்து ஓலையை ஒப்பிட்டுப் பார்த்தானே கிருஷ்ணன் இராமன், அவனே சேனாபதி. ராஜராஜன் ஆணைப்படி பெரிய கோயிலின் திருச்சுற்றாலையை எடுப்பித்தவனும் அவனே என்று அந்தச் சுற்றிலேயே எழுதியிருக்கிறது. ஒரே கை வாளும் பிடித்தது, எழுத்தாணியும் பிடித்தது, கல்தச்சனுக்கு நூலும் போட்டது. 1001 இல் தொடங்கிய நில அளவையை நடத்தியவனும் ஒரு சேனாபதிதான். குரவன் உலகளந்தான் என்று பெயர். அந்த அளவையின் கணக்கில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு என்ற பின்னம்கூட வருகிறது. நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அது அரை சதுர மில்லிமீட்டர் வரும். அந்த இடத்தில் ஓர் எறும்பு நின்று வரி கட்ட முடியாது. முந்திரி, கீழ்முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும் நம் பழைய கீழ்வாய்க் கணக்கின் இயல்பால் வந்த எண் அது, கோலால் அளந்ததல்ல என்பது தெரிந்ததே. ஆனாலும் வகுத்தால் மீதி நிற்கக் கூடாது என்ற கணக்கனின் வைராக்கியத்தை அதில் காண்கிறோம்.

சம்பளம்? மாதம் பிறந்தால் காசு எண்ணிக் கொடுக்கும் ஏற்பாடு பெரிய அதிகாரிகளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஜீவிதம் என்று ஊரின் அல்லது நிலத்தின் அரசுப் பங்கை அவர்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஓர் ஊருக்கு உடையவன், அரசன் பட்டம் கொடுக்கிறான், அதோடு இன்னோர் ஊரின் வருவாயும் சேர்கிறது. இந்த இடத்தை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சோழ அதிகாரி அரசனால் மட்டும் ஆனவனல்லன். அரசன் பட்டம் கொடுக்கும் முன்பே அவன் ஊரில் ஒரு புள்ளி.

ஏறக்குறைய அதே காலத்தில் சீனத்தில் சோங் வம்சத்து அரசர்கள் பரீட்சை வைத்து உத்தியோகஸ்தர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது படி வரிசை, ஒவ்வொரு படிக்கும் உடை, ஊதியம், ஊர்மாற்றம் என்று சட்டம். பிறந்த ஊரில் ஒருவனை அதிகாரியாக வைப்பதைத் தவிர்ப்பது அங்கே ராஜநீதி. 1015 இல் சோழ நாட்டுத் தூதர்கள் அந்த அரசவைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எதிரும் புதிருமான இரண்டு உத்தியோக முறைகள் முகத்துக்கு முகம் பார்த்திருக்கின்றன. சீனர்கள் எழுதி வைத்ததால் தூது போன சங்கதி நமக்குத் தெரிகிறது. போய் வந்தவர்கள் பார்த்ததை நம்மவர் எழுதி வைக்கவில்லை. சிங்கப்பூரில் வாழ்கிற உங்களுக்கு, பரீட்சையால் ஆன உத்தியோகம் எது, நிலத்தால் ஆன உத்தியோகம் எது என்ற வித்தியாசம் எனக்குப் புரிவதைவிட நன்றாகவே புரியும்.

இனி, நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படும் உத்தரமேரூருக்கு ஒரு நிமிஷம் போய் வருவோம். முதற் பராந்தகனின் 12 ஆம் ஆண்டிலும் 14 ஆம் ஆண்டிலும், அதாவது 919 லும் 921 லும், அந்த ஊர்ச் சபையார் குடவோலை முறைக்கு விதி வகுத்தார்கள். முப்பது குடும்பு, வாரியத்துக்குத் தகுதி, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்பதெல்லாம் நீங்கள் கேட்டவை. ஜனநாயகம் என்று மார்தட்டும் பேச்சாளர்கள் விட்டுவிடுகிற வரி ஒன்று அங்கே உண்டு. முதல் தீர்மானம் செய்தபோது தத்தனூர் மூவேந்தவேளான் என்பவன் அரசன் ஆணையால் சபையாருடன் உடனிருந்தான். இரண்டாவது தீர்மானத்தின்போது சோமாசிபெருமான் என்ற பட்டர் உடனிருந்தார். முதல் விதியில் ஏற்பட்ட குறைகள் இரண்டாண்டில் திருத்தப்பட்டன. தீர்மானம் சபையினுடையது, அதிகாரி சாட்சி என்று நான் கொள்கிறேன். ஆனால் அவன் அங்கே இருந்தான். சபை தன்னிச்சையாக இயங்கிற்று, மேலிடத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை என்பதும், அரசு எல்லாவற்றையும் மேலிருந்து நடத்திற்று என்பதும் இரண்டுமே அந்த வரியின் முன் நிற்கமாட்டா.

சரித்திர ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் நெடுங்காலம் சண்டையிட்டிருக்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரியார் 1930களில் எழுதிய சோழர் வரலாற்றில், ஒழுங்காக அமைந்த பெரிய உத்தியோக வர்க்கத்தைக் கண்டார். 1980 இல் பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்கர் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அரசன் பெரும்பாலும் சடங்குத் தலைவன், நாடுகள் தாமாகவே இயங்கின என்று எழுதி எல்லோரையும் உலுக்கினார். எ. சுப்பராயலு அவர்களும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அவர்களும் வாதத்தில் இறங்காமல், கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி வரிசைப்படுத்தினார்கள். எண்ணியபின் தெரிந்தது: புரவுவரித் திணைக்களம் போன்ற இலாகாக்கள் ராஜராஜன் காலத்தில் பெருகி அரசாங்கத்துக்கு உருவம் கொடுத்தன, மூவேந்தவேளான்கள் பதினோராம் நூற்றாண்டில் நிறைந்து, அதன்பின் அருகி, வேறு பட்டங்கள் மேலெழுந்தன. ஆளைவிட எண்ணிக்கை பேசியதால் சண்டையும் அடங்கிற்று. அவர்கள் வழியே எனக்கு உகந்தது.

பட்டம் பெற்றவர்களெல்லாம் உத்தமர்கள் என்று நான் சொன்னதாக யாரும் வெளியில் போய்ச் சொல்ல வேண்டாம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியைச் சொல்வது. அந்தத் துரோகிகளின் பெயர்களைப் பாருங்கள்: ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழப் பிரமாதிராஜன். அரசாங்கம் கொடுத்த பட்டம் கழுத்தில் தொங்கும்போதே அரசகுமாரனைக் கொன்றிருக்கிறார்கள். பறிமுதல் அவர்களோடு நிற்காமல் உறவினர் வரை நீண்டது. அதையும் ஓலை எழுதி, ஊர்ச் சபையை வைத்தே நிறைவேற்றினார்கள்.

சிறிய குற்றங்களைக் கண்காணிப்பவர்களும் இருந்தார்கள். மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற அதிகாரி ராஜராஜன் காலத்தில் ஊர் ஊராகக் கோயில் கணக்குகளைச் சோதித்து, நிவேதனம் குறைந்த இடத்தில் காரணம் கேட்டு, தவறியவர்களைத் தண்டித்து வந்தான். கோயில் சொத்து இருக்கும் இடத்தில் அதைச் சுரண்டும் கையும் இருக்கும் போலும். இங்கேயும் கோயில்களின் நிர்வாகத்தில் புகார் எழுந்தபடியால்தானே 1905 இல் சட்டம் செய்து, முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கு ஒரு வாரியத்தை அரசாங்கம் ஏற்படுத்திற்று. சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலைக் கடந்து போகும்போது, அதன் வரவு செலவை மேற்பார்க்க இன்றும் ஓர் அறக்கட்டளை வாரியம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டராதித்தன் வேலை ஒழிந்துபோகவில்லை.

கடல் கடந்த விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஈழத்தில் சோழ அதிகாரிகள் இருந்தார்கள். பொலன்னறுவை ஜனநாதமங்கலமாயிற்று, தீவு மும்முடிச்சோழ மண்டலமாயிற்று, மாதோட்டத்தில் ராஜராஜேஸ்வரம் எடுப்பித்த தாழிகுமரன் என்பவன் காவிரி நாட்டில் சிறுகூற்றநல்லூருக்கு உடையவன். நில அளவையும் பட்டமும் பெயர்மாற்றமும் அங்கே கூடவே போயின. கடாரத்தில் அப்படி ஒன்றையும் காணோம். அங்கே ஒரு புரவுவரித் திணைக்களமோ, ஒரு மூவேந்தவேளானோ, ஓர் அளவுகோலோ இருந்ததற்குக் கல்வெட்டு கிடையாது. சுமத்ராவின் பரூஸில் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அதிகாரிகளுடையதல்ல, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தினுடையது. ஆகவே ராஜேந்திரன் கடாரத்தைக் கொண்டான் என்பது உண்மை. ஆண்டான் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. மேடைகளில் இந்த இரண்டு வினைச்சொற்களையும் நாம் கலந்துவிடுகிறோம்.

கடாரத்தோடு சோழ உத்தியோகஸ்தர்களுக்கு இருந்த உறவு வேறு மாதிரியானது, எனக்கு அதுவே சுவாரஸ்யமானது. படையெடுப்பு நடந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1090 அளவில், கடாரத்தரசனின் தூதர்கள் இருவர் முதற் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்து விகாரத்தின் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிநீக்கம் கேட்டார்கள். ஆயிரத்தளி அரண்மனையில் இருந்த அரசன் அதிகாரி ராஜேந்திரசிங்க மூவேந்தவேளானுக்கும், வெளியுறவு பார்க்கும் சந்திவிக்கிரகி ராஜவல்லபப் பல்லவரையனுக்கும் ஆணையிட்டான். அவர்கள் செப்பேடு செய்து கொடுத்தார்கள். சிறிய லெய்டன் செப்பேடுகள் என்பவை அவையே, மூன்றே ஏடு. பாட்டன் காலத்துப் போர் பேரன் காலத்து ஆபீஸ் வழக்காறாகக் கரைந்துவிட்டிருக்கிறது. அந்த விகாரத்தின் எஞ்சிய கோபுரத்தை நாகப்பட்டினத்தில் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் 1867 இல் இடித்தார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த அதிகாரியின் நிலை எங்கே போய் நின்றது என்பதற்குப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு ஒன்று போதும். இரண்டாம் ராஜராஜன் இறந்தபோது பிள்ளைகள் கைக்குழந்தைகள். காரிகைக் குளத்தூர்ப் பெருமானம்பிப் பல்லவராயர் அந்தக் குழந்தைகளைப் பத்திரப்படுத்தி, விக்கிரம சோழனுடைய பேரனாகிய எதிரிலிப்பெருமாளைக் கொண்டுவந்து, இரண்டாம் ராஜாதிராஜன் என்று முடிசூட்டி வைத்தார். பாண்டிய நாட்டில் ஈழப் படையோடு பொருதார். அவர் இறந்தபின் குடும்பத்தாருக்கு அரசன் நிலம் வழங்கினான். அரசன் பட்டம் கொடுத்து அதிகாரியை உண்டாக்கிய காலம் போய், அதிகாரி பட்டம் கட்டி அரசனை உண்டாக்கும் காலம் வந்துவிட்டது. அந்தப் பல்லவராயர் உத்தமர், ராஜவிசுவாசி. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று ஓர் அரசு நம்பியிருக்க முடியாது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரும் உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டம் பெற்ற அமைச்சர் என்பது மரபு. பட்டத்தை உதறிவிட்டு எழுத்தாணியை எடுத்துக்கொண்ட அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர்?

நான் கவனத்தில் வைக்கச் சொன்ன இடம் இங்கேதான் வந்து சேர்கிறது. அதிகாரிக்கு ஊரில் வேர் இருந்ததால் அரசன் ஆணை ஊரில் பலித்தது; நாட்டார் தலைமேல் வைத்துக்கொண்ட ஓலையை எழுதியவனும் அவர்களைப் போன்ற ஒரு நாட்டுக் கிழவனே. அந்த வேர் ஆழப்பட ஆழப்பட அரசன் கை அதற்கு எட்டாமல் போயிற்று. பாடிகாவல் என்ற ஊர்க்காவல் உரிமையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக வளர்ந்த கூடல் காடவராயர் குடியில் தோன்றிய கோப்பெருஞ்சிங்கன், 1231 இல் மூன்றாம் ராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஹொய்சள நரசிம்மன் படை அனுப்பி மீட்க வேண்டியதாயிற்று. 1279 க்குப் பிறகு சோழ அரசனின் ஆட்சியாண்டை இட்டுக் கல்வெட்டு எழுதுவாரில்லை. வெளிப்பகை காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. பாண்டியர் பலம் பெரிது. ஆயினும் உள்ளே பார்த்தால், ராஜராஜன் எந்த வர்க்கத்தைக் கொண்டு ராஜ்யத்தைக் கட்டினானோ அந்த வர்க்கமே அதைப் பங்கு போட்டுக்கொண்டது என்பதே என் முடிவு.

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்து அமர்கிறேன். கல்வெட்டு என்றால் திருமகள் போல என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை வாசித்து மகிழ்ந்து அத்தோடு மூடிவைப்பது நம்மவர் பழக்கம். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் அச்சில் இருக்கின்றன. இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயிலுடையது. எடுத்து, ஒரு கல்வெட்டையாவது கடைசி வரி வரையில் படியுங்கள். அரசனுடைய புகழ் முடிந்து, நிலமும் நெல்லும் முடிந்து, கீழே இன்னான் எழுத்து, இன்னான் எழுத்து என்று வரிசையாக வருமே, அந்தப் பெயர்களை ஊர், தகப்பன், பட்டம் என்று பிரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். சுப்பராயலுவும் கராஷிமாவும் அப்படித்தான் தொடங்கினார்கள். இன்னும் எண்ணப்படாத பெயர்கள் நிறைய இருக்கின்றன.